அந்நியராக வந்து அயலவரானவர்

அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ அவர்களின் நினைவாக

நவம்பர் மாதம் இறந்தோரை நினைக்கும் மாதம். கல்லறைத் தோட்டங்களில் புல் வெட்டி, சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரி ஏற்றி வைக்கிறோம். ஆனால் இந்தப் பக்கங்களை வாசிக்கும் குடும்பங்களில் பலருக்கு அப்படிச் சென்று மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்லறை அருகில் இல்லை. தாத்தாவைப் புதைத்த இடம் விட்டு வந்த தோட்டத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் பாதை இப்போது காடு பற்றிக் கிடக்கிறது. சிலருக்கு அந்த நிலமே நீருக்கடியில் போய்விட்டது. மண்சரிவில் உறவினரை இழந்தவர்களுக்கோ புதைப்பதற்கு உடல்கூடக் கிடைக்கவில்லை.

இவ்வாறு இடம்பெயர்ந்து வாழும் நாம், மறைந்துபோன ஒரு நண்பரை எவ்வாறு நினைவுகூருவது? கல்லறை இருந்தால்தான் நினைவு நிலைக்குமா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, எமது ஊவா மாகாணத்தில் வாழ்ந்து, இம்மண்ணிலேயே 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி கொல்லப்பட்ட ஒருவரை இம்முறை நினைவுகூர விரும்புகிறோம். அவர் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ, அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த குரு. அவரை அறிந்தவர்கள் அன்போடு ‘பாதர் மைக்’ என்றே அழைத்தார்கள்.

அவர் தமிழர் அல்ல. அவர் கடைசியாக வாழ்ந்த கிராமமும் தமிழ்க் கிராமம் அல்ல. அப்படியானால் வெலிமடையிலும் பதுளையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய எமக்கு அவர் எவ்விதத்தில் சொந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமக்குச் சொந்தமில்லாத ஓர் ஊருக்கு வெறுங்கையோடு சென்று, அங்குள்ள குடும்பங்களுக்கு நண்பராகி, அவ்வூர் ஆளாகவே உயிர்விட்டவர் அவர். புதிய இடத்தில் வேர் பிடிக்கப் பாடுபடும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்து வைத்திருக்க வேண்டிய வாழ்க்கை அது.

இலட்சம் வயல்களின் நாடு

வெலிமடையிலிருந்து பண்டாரவளை, எல்ல வழியாகக் கீழே இறங்கினால் வெல்லவாய வருகிறது. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் புத்தல. மேலே எமது பக்கத்தில் தேயிலையும் உருளைக்கிழங்கும் கரட்டும் கோவாவும். கீழே வெயில் காயும் சமவெளி. குளமும் வயலும் சேனையும். ஒரே மாகாணமாயினும் காற்றும் வேறு, மண்ணும் வேறு.

அந்தக் கீழ்நாட்டின் பழைய பெயர் வெல்லஸ்ஸ. இலட்சம் வயல்கள் உள்ள நாடு என்பது அதன் பொருள். குளத்து நீரால் நெல் விளைந்த அந்நாட்டில் 1817ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கியது. அதை அடக்குவதற்கு அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, மக்களின் பக்கம் சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். வெலிமடைக்கு அருகே நாம் மரக்கறி விற்கப் போகும் கெப்பெட்டிபொல நகரம் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. கிளர்ச்சியை அடக்கிய படைகள் வீடுகளையும் விளைந்த வயல்களையும் எரித்தன; ஆடுமாடுகளைக் கொன்றன; நீர்ப்பாசன வழிகளை அழித்தன. இலட்சம் வயல்களின் நாடு வறுமையின் நாடானது.

பின்பு 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதிப் பத்திரம் காட்ட முடியாத நிலமெல்லாம் அரசுக்குரியது என்றாயிற்று. மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. 1869ஆம் ஆண்டுக்குப் பின் கோப்பி நோயில் அழிய, தேயிலை வந்தது. அத்தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து எமது முன்னோர் அழைத்து வரப்பட்டார்கள். நிலத்தை இழந்த சிங்களக் கமக்காரர் ஒருபுறம். நிலமே இல்லாமல் லயத்தில் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மறுபுறம். இரு சாராரின் துன்பத்துக்கும் வேர் ஒன்றே என்பதை இருவருக்கும் யாரும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த வரலாறு தெரிந்தால்தான் பாதர் மைக் ஏன் புத்தலவைத் தேடிப் போனார் என்பது எமக்கு விளங்கும்.

படித்தவர் இறங்கி வந்தார்

மைக்கல் ரொட்ரிகோ 1927ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி கொழும்புக்கு அருகேயுள்ள தெஹிவளையில் பிறந்தார். ரோமாபுரியில் மெய்யியலிலும், பின்பு பாரிஸ் நகரில் இறையியலிலும் கலாநிதிப் பட்டங்கள் பெற்றார். கண்டி அம்பிட்டியவிலுள்ள தேசிய குருமடத்தில் நீண்ட காலம் பேராசிரியராக இருந்தார். நாட்டின் பல குருக்கள் அவரிடம் படித்தவர்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் இத்தாலியும் அறிந்தவர். பௌத்த சமயத்தை ஆழமாகக் கற்றவர். அந்த இடத்திலேயே இருந்திருந்தால் மதிப்போடும் வசதியோடும் முதுமையை அடைந்திருக்கலாம்.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையை உலகத்தை நோக்கித் திருப்பியது. பிற சமயத்தவரை மதித்து உரையாடவும், ஏழைகளின் துயரத்தில் பங்குகொள்ளவும் அது அழைத்தது. இலங்கையில் அந்த அழைப்பை மனப்பூர்வமாக ஏற்றவர்களுள் ஒருவர் ஆயர் லியோ நாணயக்கார. கண்டியின் ஆயராக இருந்த அவர், 1972ஆம் ஆண்டு பதுளை மறைமாவட்டம் புதிதாக உருவாக்கப்பட்டபோது அதன் முதல் ஆயராக வந்தார். பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் அடங்கிய இம்மறைமாவட்டத்தில் கத்தோலிக்கர் மிகச் சிறிய தொகையினர். பெரிய கண்டியை விட்டு வறிய ஊவாவுக்கு வந்த அந்த ஆயர், பண்டாரவளையில் ‘சேவக செவன’ என்ற பெயரில் புதுவிதமான குருமடம் ஒன்றைத் தொடங்கினார். பணியாளரின் நிழல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். குருவாக வர விரும்பும் இளைஞர் மக்களின் வாழ்க்கையோடு சேர்ந்தே இறையியலைக் கற்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம்.

அங்கே கற்பிக்கப் பாதர் மைக் வந்து சேர்ந்தார். மலைநாட்டின் குளிரும், லயங்களின் இருளும், கிராமத்துக் கமக்காரரின் கடனும் அவருக்குப் பாடநூலாயின. ஆனாலும் அவர் மனம் அமைதியடையவில்லை. ஏழைகளைப் பற்றிக் கற்பிப்பவர் ஏழைகளோடு வாழ வேண்டாமா என்ற கேள்வி அவரைத் துளைத்தது. 1980 ஜூலையில், ஐம்பத்துமூன்று வயதில், அவர் புத்தல அலுக்கலவிட்டப் பகுதிக்குப் போய்க் குடியேறினார். கலாநிதிப் பட்டம் பெற்றவர் மண்சுவர் வீட்டு மக்களின் அயலில் தானும் ஒரு குடியானவரைப் போல வாழத் தொடங்கினார்.

ஊர் ஏற்றுக்கொள்ளும்வரை

அவர் சென்ற இடத்தில் கத்தோலிக்கர் இல்லை, எல்லோரும் பௌத்தர். சிங்களம் பேசும் ஊரில் சிங்களம் பேசும் ஒருவர்தான் வந்தார். ஆயினும் அவர் அந்நியரே. கடற்கரைப் பக்கத்து ஆள், வேறு சமயத்தவர், பெரிய படிப்புப் படித்தவர், வெள்ளைக்காரரின் கோயிலைச் சேர்ந்தவர். மொழி ஒன்றாக இருந்தும் மனங்களுக்கு இடையே தூரம் இருந்தது. எங்களை மதம் மாற்ற வந்திருக்கிறாரா, காணி பிடிக்க வந்திருக்கிறாரா என்று ஊரவர் சந்தேகித்ததில் வியப்பில்லை. நானூறு வருடங்களுக்கு மேலாக அந்நிய ஆட்சியோடு சேர்ந்து வந்த ஒரு சமயத்தைப் பற்றி அவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அந்தச் சந்தேகத்தில் உண்மை உண்டு என்பதைப் பாதர் மைக் மறைக்கவில்லை. அந்தப் பழைய கடனைத் தன் வாழ்க்கையால் தீர்க்க வேண்டும் என்றே அவர் எண்ணினார்.

அவர் அங்கே கோயில் கட்டவில்லை. யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க முயலவில்லை. தாம் தங்கிய சிறிய வீட்டுக்குச் ‘சுபசெத் கெதர’ என்று பெயரிட்டார். எல்லோருக்கும் நன்மை விரும்பும் வீடு என்று பொருள். அருட்சகோதரிகளும் அப்பணியில் அவரோடு இணைந்தார்கள். முதலில் செய்த வேலை வீடு வீடாகப் போய்க் கேட்டதுதான். இந்த மண்ணில் என்ன விளையும்? குளத்தில் நீர் எப்போது வற்றும்? காய்ச்சல் வந்தால் என்ன மூலிகை கொடுப்பீர்கள்? பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை? கற்பிக்கப் பழகிய பேராசிரியர், கற்றுக்கொள்ளும் மாணவராக அமர்ந்தார். விகாரையின் பிக்குமாரிடமும் மரியாதையோடு போனார். பௌத்தம் பற்றித் தாம் நூல்களில் படித்ததை, அதை வாழ்கின்றவர்களிடமிருந்து மறுபடியும் கற்றார்.

கேட்டதிலிருந்து வேலை பிறந்தது. வைத்தியசாலை தூரம், மருந்துக்குப் பணமில்லை என்ற குறைக்கு, ஊரார் மறந்துகொண்டிருந்த மூலிகை வைத்தியம் கைகொடுத்தது. மூலிகைத் தோட்டம் உண்டானது. கிராமத்து இளைஞரும் யுவதிகளும் ஆரம்பச் சுகாதாரப் பயிற்சி பெற்றனர். பிள்ளைகளின் கல்விக்கு வழி செய்யப்பட்டது. கடைக்காரரிடம் கடன்பட்டு வாங்கும் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் பதிலாக, முன்னோர் அறிந்த இயற்கை வழிப் பயிர்ச்செய்கை மீண்டும் முயன்று பார்க்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் ஊராரின் அறிவிலிருந்தே எடுக்கப்பட்டவை. வெளியிலிருந்து வந்தவர் செய்தது, அந்த அறிவுக்கு மதிப்புக் கொடுத்ததும் அதை ஒன்றுசேர்த்ததும்தான்.

இந்த இடத்தில் அண்மைக் காலச் சம்பவம் ஒன்றை நினைத்துப் பார்ப்பது நல்லது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அறிவித்தலால் தடை செய்தது. கமக்காரரிடம் கேட்கவில்லை, மாற்றுப் பசளை ஆயத்தமாக இருக்கவில்லை. விளைச்சல் விழுந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் அந்தப் போகத்தின் வேதனையை நீங்கள் அறிவீர்கள். இயற்கைப் பசளை நல்லது என்று பாதர் மைக்கும் நம்பினார். அந்த அரசாங்கமும் சொன்னது. ஒருவர் கமக்காரரின் வரப்பில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து முயன்று பார்த்தார். மற்றவர் வர்த்தமானியில் அச்சிட்டார். நல்ல எண்ணமும்கூட, சம்பந்தப்பட்டவரைக் கேளாமல் வந்தால் அவருடைய அடுப்பை அணைத்துவிடும்.

சேனையும் கரும்பும்

அவர் புத்தலவில் வாழ்ந்த அதே காலத்தில் அயலிலுள்ள பெல்வத்தையில் பெரிய சீனித் திட்டம் ஒன்று ஆரம்பமானது. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கரும்புக்கு ஒதுக்கப்பட்டது. கடதாசியில் பார்த்தால் அது அரசாங்கத்தின் காட்டு நிலம். உண்மையிலோ அது பலருடைய சேனை.

சேனை என்றால் என்ன என்பது கமக்காரருக்குத் தெரியும். அலுவலகத்துக் கோப்புகளுக்குத்தான் தெரியாது. ஒரு துண்டு காட்டை வெட்டி எரித்து, மழையோடு குரக்கனும் சோளமும் எள்ளும் பயறும் கலந்து விதைப்பார்கள். ஓரிரு போகம் முடிந்தபின் அந்த நிலத்தைச் சில வருடங்கள் சும்மா விட்டு வேறிடம் போவார்கள். நிலம் இளைப்பாறி மறுபடியும் காடாகும். அப்படி இளைப்பாறும் நிலத்தைப் பார்த்து, பயன்படுத்தப்படாத நிலம் என்று ஓர் அதிகாரி எழுதிவிட்டால் போதும், ஒரு குடும்பத்தின் அடுத்த ஐந்து வருடச் சோறு வரைபடத்திலிருந்து அழிந்துவிடும்.

கரும்பு வந்தபோது சேனைக் காடு சுருங்கியது. பல குடும்பங்கள் தாம் உழுத மண்ணில் கூலியாட்களாகவும், ஒப்பந்தத்துக்குக் கரும்பு நடுபவர்களாகவும் ஆயின. குரக்கனை விற்க முடியாவிட்டால் வீட்டில் பிட்டு அவிக்கலாம்; கரும்பை விற்க முடியாவிட்டால் என்ன செய்வது? வாங்குபவர் ஒருவர் மட்டுமே. விலையைச் சொல்பவரும் அவரே. விதைக்கரும்பு, பசளை, உழவு ஆகியவற்றுக்கு முன்கூட்டிக் கொடுத்த கடனைக் கழித்துக்கொண்டே பணம் கைக்கு வரும். விதைக்கிழங்குக்கும் மருந்துக்கும் முற்பணம் வாங்கி, விளைந்த கிழங்கை அதே வியாபாரிக்கு அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கும் எமது மேட்டுநிலக் கமக்காரருக்கு இந்தக் கணக்கு புதியதல்ல.

பாதர் மைக் இதைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்கவில்லை. காணி இழந்தவர்களின் பக்கம் நின்றார். அவர்களுடைய நிலைமையை எழுதினார், வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். கோபத்தைக் கிளப்பிவிட்டுப் பின்னால் நிற்பது அவர் வழியன்று. தங்களுக்கு நேர்ந்ததைத் தாங்களே ஆராய்ந்து, தங்கள் வாயாலேயே சொல்வதற்கு ஊரவரைத் துணிவுபடுத்தினார். மூலிகை கொடுக்கும் குருவை எல்லோருக்கும் பிடிக்கும். நிலம் ஏன் போயிற்று என்று கேட்கும் குருவை எல்லோருக்கும் பிடிப்பதில்லை.

போவதா, இருப்பதா?

1987ஆம் ஆண்டு நாடு எரிந்துகொண்டிருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் போர். ஜூலை 29ஆம் திகதி இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. தெற்கில் மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சி பரவியது. அதை அடக்க அரச படைகள் கிராமங்களுக்குள் புகுந்தன. வேலையற்ற ஏழை இளைஞர் நிறைந்த ஊவாக் கிராமங்கள் இரு பக்கத்தாருக்கும் நடுவே அகப்பட்டன. இளைஞரோடு பழகியவரும், ஏழைகளுக்காகப் பேசியவரும் சந்தேகத்துக்கு ஆளான காலம் அது. சுபசெத் கெதரவுக்கும் எச்சரிக்கைகள் வந்தன.

போவதா, இருப்பதா? இந்தக் கேள்வியை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1977இலும் 1983இலும் இரவோடிரவாகச் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் எமது குடும்பங்களில் இருக்கிறார்கள். மலைச்சரிவில் வெடிப்பைக் கண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். போனவர்கள் கோழைகள் அல்லர். பிள்ளைகளின் உயிரைக் காப்பது பெற்றோரின் கடமை. அந்தக் கடமைக்காக வீட்டையும் மாட்டையும் விட்டு வந்தவர்கள் பெரிய தியாகம் செய்தவர்களே.

பாதர் மைக்குக்குப் போவதற்கு இடம் இருந்தது. சபையின் இல்லங்கள் அவரை வரவேற்றிருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்றிருக்கும். ஆனால் அவருடைய அயலவர்களான கமக்காரருக்குப் போவதற்கு வேறிடம் இல்லை. ஆபத்து வேளையில் அவர்களை விட்டுப் போவதா என்பதைத் தனியே தீர்மானிக்காமல், தம்மோடு இருந்தவர்களோடு சேர்ந்து செபித்தும் பேசியும் ஆராய்ந்தார். நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்தச் சிறிய வீட்டில் திருப்பலி நிறைவேற்றி முடியும் வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு அறுபது வயது. சுட்டவர் யார் என்பது நீதியின் முன் நிரூபிக்கப்படவில்லை.

அவர் புத்தலவுக்குப் போவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1980 மார்ச் 24ஆம் திகதி, எல் சல்வடோர் நாட்டில் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ திருப்பலி நிறைவேற்றும்போது சுடப்பட்டு இறந்தார். அவரும் காணியற்ற கமக்காரருக்காகப் பேசியவர். 2018ஆம் ஆண்டு அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். எமது நாட்டிலேயே 1985 ஜனவரியில் மன்னார் வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்தியான் கொல்லப்பட்டார். 1988 ஜூனில் மட்டக்களப்பில் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ கொல்லப்பட்டார். தமிழ் மக்கள் மத்தியில் இருவர், சிங்கள மக்கள் மத்தியில் ஒருவர். மூவரும் தம் மக்களின் அருகிலேயே இருந்தவர்கள். இவர்களை ஒன்றாக நினைக்கக் கற்றுக்கொண்டால், ஒருவர் கண்ணீரை மற்றவர் விளங்கிக்கொள்ள ஒரு வழி பிறக்கும்.

எமக்கு அவர் விட்டுச் சென்றது

ஏழு வருடங்களும் சில மாதங்களும். ஒருவர் ஊர் ஆளாவதற்கு அவ்வளவு காலம் போதுமா? போதும் என்பதற்கு அவர் சாட்சி. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னும், பிற சமயத்தவராகிய மக்கள் அவரைத் தம்மவராக நினைக்கிறார்கள்.

எமது மாகாணத்தில் இடப்பெயர்வு நிற்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் இன்றும் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. தப்பியவர்கள் நீண்ட காலம் தற்காலிக இடங்களில் தங்கியிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. வெலிமடைக்கு அருகே புகுல்பொலவில் அணை எழுந்தது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திட்டம் திறந்து வைக்கப்பட்டது. மேலேயுள்ள நீர் மலையைக் குடைந்து, மின்சாரம் தந்து, கீழேயுள்ள வறண்ட நிலங்களுக்குப் போகிறது. கீழ்நாட்டுக் கமக்காரருக்கு நீர் கிடைப்பது நல்லதே. மேல்நாட்டில் அதற்காக இழந்தவர்களின் கதையும் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதே எமது விருப்பம்.

இப்படிப் புதிய இடத்துக்கு வந்து சேரும் குடும்பத்தையும் ஊரார் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எங்கள் தண்ணீரைப் பங்குபோட வந்தவர்கள், எங்கள் பள்ளிக்கூடத்தை நிரப்ப வந்தவர்கள் என்று பேச்சு எழும். அது மனதைப் புண்படுத்தும். ஆனால் பாதர் மைக் அந்தச் சந்தேகத்தோடு சண்டை பிடிக்கவில்லை. கேள்வி கேட்டுக்கொண்டு போய்த் திண்ணையில் அமர்ந்தார். நாமும் அப்படியே செய்யலாம். இந்தச் சரிவில் மழை நீர் எந்தப் பக்கம் பாயும், எந்த இடத்தில் முன்பு மண் இறங்கியது, எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பதைப் பல வருடங்கள் அங்கு வாழ்ந்த ஒரு முதியவரிடம் கேளுங்கள். அந்த அறிவு எமது பிள்ளைகளின் உயிரைக் காக்கும். கேட்கப்பட்ட முதியவரும் அன்றிலிருந்து எம்மை அந்நியராகப் பார்க்கமாட்டார்.

இன்னுமொன்று. ஊருக்கு ஊர் மரண உதவிச் சங்கம் உண்டு. மாதாமாதம் சிறு சந்தா. சாவு விழுந்தால் கூடாரமும் கதிரைகளும் வரும், ஒரு தொகைப் பணம் வரும், குழி வெட்டவும் தேநீர் ஊற்றவும் ஆட்கள் வருவார்கள். புதிய ஊருக்குப் போனவர்கள் காணிப் பத்திரத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. முதல் மாதத்திலேயே அச்சங்கத்தில் சேருங்கள். சேர்வதற்கு முன்பே, அடுத்த சாவு வீட்டுக்குப் போய் விறகு பிளந்து கொடுங்கள். சிங்கள வீடாயினும், முஸ்லிம் வீடாயினும் போங்கள். எமது வீட்டுச் சாவைத் தோளில் சுமப்பவரும் எம்மால் சுமக்கப்படுபவருமே எமது அயலவர்.

நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டுக் கிடந்தவரின் ஊரவர்கள் விலகிப் போனார்கள். நின்று காயம் கட்டியவர் வேறு இனத்தவர். யார் என் அயலவர் என்று கேட்டவருக்கு இயேசு சொன்ன கதை அது. பாதர் மைக் அந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்லி நிறுத்தவில்லை. எமது மாகாணத்தின் வெயில் காயும் ஒரு கிராமத்தில் அதை வாழ்ந்து காட்டினார்.

வரும் நவம்பர் 10ஆம் திகதி மாலை, உங்கள் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றுங்கள். விட்டு வந்த ஊரில் புதைக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்த மரத்தடியில் கிடக்கிறார்கள் என்பதையும் சொல்லி, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கல்லறை தூரமாகிவிட்டால் பெயராவது வீட்டில் இருக்கட்டும். அந்தப் பெயர்களோடு இந்த நண்பரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள், இதுவரை நீங்கள் போகாத ஓர் அயல் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

குடும்பமாகவும் குழுவாகவும் சிந்திக்க

1. நாம் இங்கு வந்தபோது முதலில் எம்மோடு பேசியவர் யார்? அவருக்கு நாம் இன்றுவரை என்ன செய்தோம்?

2. இவ்வூர் மண், நீர், மூலிகை பற்றி அயலவரிடம் நாம் கற்றது என்ன? அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க எம்மிடம் என்ன இருக்கிறது?

3. விதைக்கும் பசளைக்கும் முற்பணம் வாங்குவதால் எமது விளைச்சலின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் எதை மாற்றலாம்?

4. எமது மரண உதவிச் சங்கத்தில் வேறு மொழி பேசும் குடும்பங்கள் உள்ளனவா? இல்லையெனில் யார் போய் அழைப்பது?